மாமிக்குக் கண்டி காட்டியது

மாமி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து அல்ல, கோலாலம்பூரிலிருந்து. அங்கே அவருடைய மகளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. துணைக்குப் போன மாமி விசா முடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். கட்டுநாயக்காவில் இறங்கி ஒரே மூச்சில் யாழ்ப்பாணம் போவது அவர் வயதுக்குக் கஷ்டம், கண்டியில் சில நாள் ஆறிவிட்டுப் போகட்டும் என்று என் கணவர் விமான நிலையத்திலிருந்து நேரே இங்கே கூட்டிவந்துவிட்டார்.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமி கலியாணத்துக்கு வரவில்லை. முழங்கால் நோவு, பிரயாணம் செய்ய ஏலாது என்று சொல்லி அனுப்பினார். யாரும் அதை நம்பவில்லை, யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. என் கணவர் கண்டியில் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். நான் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். உடைந்த மூக்குக் கண்ணாடியோடு கடைக்கு வந்தவர், அது சரியான பிறகும் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தபடி இருந்தார். எங்கள் கதை அவ்வளவுதான். ஆனால் நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், என் அம்மா கொழுந்து பறித்தவர் என்பது யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய சொந்தக்காரருக்குச் சுலபமாகச் சொல்லக்கூடிய செய்தி இல்லை. மருமகள் கண்டிப் பக்கம் என்று மட்டும் மாமி எல்லோருக்கும் சொல்லிவந்தாராம். என் கணவர்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் வேறு எதையோ பேசினோம்.

வந்த அன்று மாமி என்னோடு அதிகம் கதைக்கவில்லை. சாப்பாடு நல்லாயிருக்கிறது என்றார். வீடு சுத்தமாக இருக்கிறது என்றார். குளிருகிறது என்று ஒரு சால்வை கேட்டார். சாப்பிட்ட பிறகு என் கணவர் அடுத்த நாள் வேலைக்கு உடுப்பு ஸ்திரி போடப் போய்விட, நாங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தோம். பேச்சு எதுவும் வராததால் மாமி தன் போனை எடுத்து மலேசியப் படங்களைக் காட்டத் தொடங்கினார்.

"இதுதான் ரெட்டைக் கோபுரம். பின்னேரம் லைற் போட்டா நல்ல வடிவு."

படத்தில் கோபுரங்கள் வானத்தில் ஏறிக்கொண்டிருந்தன. கீழே மாமி கைப்பையைப் பிடித்தபடி நேராக நின்றார். நடுவில் ஒரு பாலம் தெரிகிறதே, அதில் போனீர்களா என்று கேட்டேன். மகளும் மருமகனும் மூத்த பிள்ளையோடு மேலே போனார்களாம், தான் கைக்குழந்தையோடு கீழே பூங்காவில் இருந்ததாகச் சொன்னார். அடுத்த படத்தில் மலைக்கு முன்னால் பொன்னிறத்தில் ஒரு பெரிய முருகன். பின்னால் படிகள் பல நிறங்களில் குகை வரை ஏறிப்போயின. அங்கேயும் மாமி கீழேதான் நின்றார். கால் நோகும் என்று மகள் ஏறவிடவில்லையாம், குரங்குகள் பறித்துக்கொண்டு ஓடும் என்பதால் எல்லோருடைய பைகளையும் வைத்துக்கொண்டு கீழே இருந்தாராம். இன்னொரு உயரமான கோபுரம், ஒரு பறவைப் பூங்கா, பழைய மைதானத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள். மாமி ஒரு குறையும் சொல்லவில்லை. அருமையான நகரம், ரோட்டில் ஒரு குப்பை காண முடியாது, மகள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்றே சொன்னார். நானும் அப்போது அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் என் கணவரோடு வேலை செய்யும் ஒருவருக்குச் சுகமில்லாமல் போய், அவருடைய முறையையும் இவரே பார்க்க வேண்டியதாயிற்று. வாரம் முழுக்க அப்படித்தான் ஆனது. "நீர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நாலு இடம் காட்டும்" என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார். நான் கடையில் லீவு கேட்டு வாங்கினேன்.

கண்டியில் பிறந்து வளர்ந்த எனக்குக் கண்டியை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வாவிக் கரையில் நின்று படம் எடுப்பவர்களைத் தினமும் விலத்திக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவள் நான். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குள் கடைசியாகப் போனது பாடசாலைச் சுற்றுலாவில். போதாததற்குப் பக்கத்தில் வருபவர் என்னை மருமகளாக ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்றே தெரியாத நிலை. மூன்று சில்லு வண்டியில் இருவரும் இரண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக இருக்கலாம்.

வாவியைச் சுற்றி மெதுவாக நடந்தோம். மீனுக்குப் பொரி போடுகிறவர்களை மாமி நின்று பார்த்தார். வெள்ளைச் சுவரின் மேல் ஒரு கபரகோயா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உடும்பு மாதிரித்தான், ஆனால் ஒரு ஆள் நீளம். மாமி அதைக் கண்டதும் என் முழங்கையைப் பிடித்தார். அது அசையாது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

மாளிகைக்குள் போகச் செருப்பைக் கொடுத்து, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்றோம். பூசை நேரம், தவில் மாதிரி ஒரு மேளம் காதை அடைத்தது. வெள்ளை உடுத்த சனம் தாமரைத் தட்டுகளோடு நெருக்கியது. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் பின்னால் வந்தார். கும்பிடுவதா வேண்டாமா என்ற தயக்கம் அவர் கைகளில் தெரிந்தது. கடைசியில் எல்லோரும் கும்பிட்ட இடத்தில் அவரும் கும்பிட்டார். வெளியே வந்ததும், பெரிய இடம், நல்ல ஒழுங்கு என்றார்.

மாளிகைக்கு எதிரே ஒரு பெரிய அரச மரத்தடியைத் தாண்டி நடந்தபோது சிறிய கோயில் ஒன்றின் முன்னால் பெண்கள் சிலர் பழத் தட்டோடு நின்றார்கள். சிலர் கையில் குழந்தை இருந்தது. மாமி நின்றுவிட்டார். இது யாருடைய கோயில் என்று கேட்டார். பத்தினி தேவாலயம், சிங்கள ஆட்கள் பத்தினித் தெய்யோ என்பார்கள், பிள்ளைகளுக்கு அம்மை வந்தால் இங்கேதான் நேர்த்தி வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்கட அம்மனெல்லே இவ," என்றார் மாமி.

அவர் குரலே மாறிவிட்டது. ஊரில் தன் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இதே அம்மனுக்குக் கோயில் இருக்கிறது, வைகாசியில் பொங்கல் வைப்பார்கள், தன் மகனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது தான் ஈரச்சேலையோடு அங்கே பொங்கியது என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். அந்த மகன் என் கணவர். அவர் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பழத்தட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமி உள்ளே போய் நெடுநேரம் நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா, மாமிக்குப் பாஷை தெரியாது என்பதையும் கவனிக்காமல், எந்தப் பக்கத்தால் சுற்றி வரவேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

பேராதனைப் பூங்காவுக்கு அடுத்த நாள் போனோம். வாசலில் டிக்கெட் கொடுப்பவர் மாமியைப் பார்த்து இந்தியாவிலிருந்து வந்தவர் என்று நினைத்து வெளிநாட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். நான் சிங்களத்தில், இவர் என் மாமியார், யாழ்ப்பாணம் என்றேன். அவர் சிரித்து உள்ளே அனுப்பினார். மாமி அதை விளங்கிக்கொண்டாரோ என்னவோ, கொஞ்ச தூரம் போனதும், உனக்கு நல்லாச் சிங்களம் ஓடுது என்றார். எனக்கு அது பெரிய பாராட்டாக இருந்தது.

பனை வரிசைகளைப் பார்த்தோம். மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களைப் பார்த்தோம். நடுப் புல்வெளியில் குடை விரித்ததுபோலப் பரந்து நிற்கிற பெரிய மரத்தின் வேரில் மாமி சற்று நேரம் இருந்தார். ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியபோதுதான் சங்கடம் வந்தது. அங்கே ஒவ்வொரு மரத்தடியிலும் ஒவ்வொரு சோடி, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குடை. பாதைப் பக்கமாகக் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருந்தார்கள். கண்டி ஆட்களுக்கு இது பழகிய காட்சி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"வெய்யிலும் இல்லை மழையும் இல்லை. உவை ஏன் குடையை விரிச்சுக்கொண்டு இருக்கினம்?" என்று மாமி கேட்டார்.

"பேசிக்கிட்டு இருக்காங்க மாமி," என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. ஒரு குடை சாய்ந்தது. மாமி முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கோபமோ என்று பயந்து பின்னால் ஓடினேன். கிட்டப் போனபோதுதான் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் உப்பிடித்தான் இருந்தனீங்களோ?" என்றார்.

"எங்ககிட்ட அப்ப குடை இல்ல மாமி."

அதற்கு மாமி வாய்விட்டே சிரித்தார். திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் அவ்வளவு ஓரமாக இருக்கவில்லை.

பஹிரவகந்தைப் புத்தர் சிலைக்கு அன்று பின்னேரமே போனோம். டவுனில் எங்கே நின்று பார்த்தாலும் மலை மேலே வெள்ளையாகத் தெரிவது அந்தச் சிலைதான். மூன்று சில்லு வண்டி செங்குத்தான பாதையில் முக்கிக்கொண்டு ஏறி வாசலில் விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்தோம். சிலையின் பின்புறம் படிகள் இருக்கின்றன, அவற்றில் ஏறினால் புத்தரின் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் நின்று ஊரையே பார்க்கலாம். நான் படி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மாமி நிழலில் ஒரு சிமெந்துக் கட்டைக் கண்டுபிடித்து இருந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பையைத் தந்திட்டுப் போ பிள்ளை. நான் இதிலை இருக்கிறன். நீ போய்ப் பார்த்திட்டு வா."

நானும் பையைத் தோளிலிருந்து கழற்றப் போனேன். உண்மையில் அவர் காலை நினைத்து, நீங்கள் கீழே இருங்கள் என்று சொல்ல நானே வாயெடுத்திருந்தேன். ஆனால் அந்தக் கையை அவர் நீட்டிய விதம் என்னை நிறுத்தியது. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் கம்பியைப் பிடிப்பது மாதிரி தானாக வந்த கை அது. அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை பெரிய நகரத்தில் எல்லா இடத்துக்கும் போய்வந்து, ஒன்றுக்குள்ளும் போகாமல் வந்திருக்கிறார்.

நான் பையைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். வாங்க மாமி, மெதுவாகப் போவோம், ஏலாவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவோம், அவசரம் ஒன்றும் இல்லை என்றேன்.

"எனக்கு ஏலாது பிள்ளை. உனக்குக் கரைச்சல்."

"ஒரு கரைச்சலும் இல்ல மாமி. நீங்க வராம நா மட்டும் பாத்து என்ன செய்ய."

மாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

நாங்கள் ஏறியதை ஏற்றம் என்று சொல்ல முடியாது. நாலைந்து படி, பிறகு நிற்பது, மறுபடி நாலைந்து படி. மேலே இருந்து வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மாமியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மாமி அதற்குத் தலையை ஆட்டினார். ஒரு திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியபோது இனிப் போதும் என்று சொன்னது நான்தான். "வந்திட்டம் தானே," என்றுவிட்டு எனக்கு முன்னால் ஏறினார்.

மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. கண்டி முழுக்கக் கீழே கிடந்தது. வாவி, மாளிகைக் கூரை, ரயில் பாதை, குட்செட் பஸ் நிலையத்தில் நெருங்கி நின்ற பஸ்கள், மலைச்சரிவுகளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வீடுகள். மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வாடகை வீடு எது என்று கேட்டார், காட்டினேன். இவருடைய ஆஸ்பத்திரி எது என்று கேட்டார், அதையும் காட்டினேன். அதன் பிறகு கேட்டார், "உன்ர அம்மா வீடு எந்தப் பக்கம்?"

உன்ர அம்மா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாவிக்கு அப்பால் எதிரே நின்ற ஹந்தானை மலையைக் காட்டினேன். பாதி மலையை மேகம் மூடியிருந்தது. அந்த மேகத்துக்குக் கொஞ்சம் கீழே என்றேன்.

"நாளைக்கு அங்கை போவமே?"

அங்கே தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பழைய ஃபெக்டரி, சுற்றுலாக்காரர் நிறைய வருவார்கள், அதைப் பார்க்கலாம் என்று கடகடவென்று சொன்னேன்.

"ஓம், அதையும் பார்ப்பம்," என்றார் மாமி.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் எடுத்தேன். அம்மா பயந்துவிட்டார். இங்கே எதற்குக் கூட்டி வருகிறாய், டவுனில் எங்கேயாவது சந்திக்கலாமே, உட்கார வைக்க ஒரு நல்ல கதிரைகூட இல்லையே என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்பா இல்லை, அண்ணன் கொழும்பில் வேலை. அந்த லயத்தில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், தோட்டத்துக் காற்று இல்லாமல் தூக்கம் வராது என்பார். கடைசியில் நான், அவங்களாக் கேட்டாங்கம்மா என்றேன். பிறகு, உறைப்பு சாப்பிடுவாங்களா என்று கேட்டார்.

அருங்காட்சியகத்தில் பெரிய பெரிய இரும்பு இயந்திரங்களை மாமி பொறுமையாகப் பார்த்தார். உன் அம்மா பறித்த கொழுந்தும் இதற்குள்தான் வந்ததா என்று கேட்டார். இது அதைவிடப் பழைய காலத்தது, அம்மா பறித்தது லொறியில் வேறு ஃபெக்டரிக்குப் போனது என்று சொன்னேன். ஒரு சுவரில் கூடையோடு நிற்கும் பெண்களின் பழைய படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தியிருந்தது. மாமி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். மேல் மாடியில் சுற்றுலாக்காரருக்கு நடுவில் இருந்து பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். மாமி பாதியில் கோப்பையை வைத்துவிட்டு, "வா, போவம். அவ பார்த்துக்கொண்டு நிப்பா," என்றார்.

அம்மா உண்மையிலேயே பாதை முடக்கில் வந்து நின்றுகொண்டிருந்தார். என் கலியாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. பாத்து வாங்க, கல்லு வழுக்கும்," என்று சொல்லி மாமியின் கையைப் பிடித்தார். மாமியும் கொடுத்தார்.

லயத்தில் அம்மாவுடையது ஓரத்துக் காம்பரா, ஒரே ஒரு அறை. முன்னாலிருக்கும் சின்ன விறாந்தையை நாங்கள் இஸ்தோப்பு என்போம். அதைக் கழுவி, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கதிரை வாங்கிப் போட்டிருந்தார் அம்மா. அதில் ஒரு புதுத் துவாயும் விரித்திருந்தது. மாமி இருந்தார். அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நீங்களும் இருங்கோ," என்றார் மாமி.

"பரவால்லைங்க, நா நிக்கிறேன்."

"நீங்கள் நிண்டா நான் என்னெண்டு இருக்கிறது?"

மாமி எழும்பிச் சுவரோரம் கிடந்த பலகை வாங்கில் போய் இருந்து, பக்கத்தில் இடம் விட்டார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த இடத்தில் இருந்தார். கதிரை சும்மா கிடந்தது. கடைசியில் நான்தான் அதில் இருந்தேன்.

தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். முதலில் பேச்சு திக்கித் திக்கித்தான் வந்தது. மாமி வேகமாகச் சொல்வது அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை, அம்மா மரியாதைக்காகக் குரலைத் தணித்ததால் மாமிக்கும் காது எட்டவில்லை. பிள்ளை என்னை நல்லாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ, நேற்றுப் புத்தருக்குப் பின்னாலை மேல்மட்டும் ஏறினனான் என்று மாமி சொன்னதும்தான் அம்மாவின் முகம் திறந்தது. எழும்பி இஸ்தோப்பு ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினார். கீழே டவுனுக்கு அந்தப் பக்கம் சிலை சின்னதாகத் தெரிந்தது.

"அது கட்டுறப்ப நா இந்த மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்தேன் சம்பந்தி. தெனமும் பாப்போம். மொதல்ல வெறும் கம்பியும் மரமுமா நின்னுச்சு. பொறவு மடி வந்துச்சு. பொறவு தோளு. தல வந்தன்னிக்கு நாங்க எல்லாரும் கூடைய எறக்கி வச்சிட்டுப் பாத்தோம். கங்காணி ஏசுனாரு."

இதை அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பிறகு கிட்டப் போய்ப் பார்த்தனீங்களோ?" என்று மாமி கேட்டார்.

"எங்க போறது. டவுனுக்குப் போனா சாமான் வாங்குவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம், பஸ்ஸப் புடிச்சு வந்துருவோம்."

மாமி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிலை இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் யோசனை கேட்காமல், "நாளைக்கு வாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன். படி கொஞ்சம் செங்குத்து, மெல்ல மெல்ல ஏறினா ஏலும். எனக்குப் பாதை தெரியும்," என்றார்.

அம்மா சிரித்தார். மறுக்கவில்லை.

புறப்படும் நேரம் மாமி உள்ளே தண்ணீர் குடிக்கப் போனவர் வெளியே வரக் காணோம். போய்ப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கலியாணப் படத்துக்கு முன்னால் நின்றார். படத்தில் நானும் இவரும், பக்கத்தில் அம்மாவும் அண்ணனும். இவர் பக்கத்தில் ஒரு கூட்டாளி மட்டும் நின்றான். அம்மாவும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நான் வந்திருக்க வேணும்," என்றார் மாமி, திரும்பாமல்.

"அதான் இப்ப வந்துட்டீங்களே," என்றார் அம்மா.

மறுநாள் எனக்கு லீவு இல்லை. இரண்டு பேரையும் இவர் காலையில் வண்டி பிடித்து அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருக்கு முழங்கால், மற்றவருக்கு இடுப்பு. ஒருவருக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது, மற்றவர் டவுனில் சந்தையைத் தவிர வேறு எங்கேயும் திரும்பியதில்லை. பின்னேரம் நான் போனபோது வாவிக் கரையில் ஒரு வாங்கில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலைக்கு ஏறினார்களாம். அங்கிருந்து ஹந்தானையைப் பார்த்து, லயம் எது என்று அம்மா கண்டுபிடித்துக் காட்டினாராம். பிறகு மாமி அம்மாவைப் பத்தினி கோயிலுக்குக் கூட்டிப்போனார், அங்கே அம்மா சிங்களத்தில் விசாரித்து எப்போது பெரிய பூசை என்று மாமிக்குச் சொன்னார். எதைப் பற்றிக் கதைத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம்தான் என்றார் அம்மா. இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள், அதைப் பற்றியும் கதைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குச் சொல்லவில்லை.

மாமி யாழ்ப்பாணம் போவதை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். கடைசியில் குட்செட்டில் பஸ் ஏற்றப் போனபோது அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார். தேயிலைப் பக்கெட், ரொட்டி, பிளாஸ்கில் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்திருந்தார். பஸ் புறப்படும்வரை மாமி யன்னலால் கையை வெளியே விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வரவேணும், சாட்டுச் சொல்லக் கூடாது, நான் பார்த்துக்கொண்டிருப்பன் என்று சொல்லியபடியே இருந்தார். எனக்கு அவர் அதிகம் சொல்லவில்லை. "கவனமா இரு பிள்ளை. வாறன்," என்றார். யாழ்ப்பாணத்தார் போகும்போது வாறன் என்பார்கள் என்று தெரிந்திருந்தும், அன்று அது வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த பங்குனியில் அம்மா போனார். அண்ணன் கொண்டுபோய் விட்டான். ஒரு கிழமை என்று போனவர் மூன்று கிழமை இருந்தார். மாமி அவரை ஒவ்வொரு கோயிலாகக் கூட்டிப்போனாராம். சொந்தக்காரர் வீடுகளுக்கும் கூட்டிப்போனாராம். இவ என்ர சம்பந்தி, ஹந்தானைத் தோட்டம், என்று எல்லா இடத்திலும் மாமியே முதலில் சொன்னதாக அம்மா பிறகு சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் நான் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. பின்னால் காற்றுச் சத்தமும் அலைச் சத்தமும். காரைநகர்ப் பக்கம் கடற்கரைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அம்மா அதுவரை கடலைத் தொட்டதில்லை. கொழும்புக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

"சம்பந்தி கையப் புடிச்சுக்கிட்டாங்க, முட்டி மட்டும் எறங்கிட்டோம்," என்றார். "தண்ணி நெசமாவே உப்பா இருக்குடி. வாயில வச்சுப் பாத்தேன்."

பக்கத்திலிருந்து மாமி ஏதோ சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தவர் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் காத்துக்கொண்டு நின்றதால், பிறகு எடுக்கிறேன் அம்மா, அவசரமில்லை, நன்றாக நனைந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.